வாய்ப்புற்றுநோய் பரம்பரையால் மட்டும் வருவதில்லை

ஐயா,

வாய்ப்புற்றுநோய் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, நோய்க்குக் காரணம் மரபணுக் கோளாறு என்பதோடு நின்றுவிட்டது. படிப்பவர்கள் இதைப் பரம்பரை நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால், மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ.யின் எழுத்து ஒன்றுகூட மாறாமல், அதன்மேல் மெத்தைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டிக்கொள்வதாலேயே ஒரு மரபணு வேலையை நிறுத்திவிடலாம். உடற்கலங்கள் (செல்கள்) கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி16 மரபணு, வாய்ப்புற்றுநோய்கள் பலவற்றில் இப்படித்தான் அடங்கிப்போகிறது. புற்றாகுமுன் தோன்றும் வெள்ளைப் படலங்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். புகையிலைப் பழக்கத்துக்கும் இம்மாற்றத்துக்கும் தொடர்புண்டு. இப்படி மெத்தைல் ஒட்டிக்கொள்ளும் மெத்தைலேற்றம் மீளக்கூடியது என்பது பெரிய ஆறுதல். அதைக் குறைக்கும் அசாசிற்றிடீன் மருந்தை ஒருவகை எலும்புமச்சை நோய்க்காக அமெரிக்கா 2004 இலேயே அனுமதித்தது. வாய்ப்புற்றுக்கு அப்படியொரு மருந்து இன்னும் வழக்கத்தில் இல்லை. ஆகவே நேரத்தோடு கண்டுபிடிப்பதே வழி.

எங்கள் அயலில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வெற்றிலை, பாக்கு, புகையிலையை நாள் முழுவதும் இடது கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். அதே இடத்தில் வெள்ளையாகத் தடித்திருந்ததைக் காட்டியபோதும், "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை, எனக்கேன் வரப்போகுது?" என்றார். யாழ்ப்பாணத்தின் சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளில் மாதம் ஒருமுறையாவது பல் வைத்தியர்கள் வந்து வாயைப் பரிசோதிக்கச் சுகாதாரத் திணைக்களம் ஒழுங்குசெய்ய வேண்டும். அந்தத் திகதிகளைத் தங்கள் நாளிதழ் முன்கூட்டியே வெளியிட்டு உதவலாம்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.