தரங்கம்பாடி ஒருநாள் சுற்றுலா: பயணத் திட்டத்தின் பிழைகள் குறித்த புகார்

நாள்: 19.05.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சுற்றுலாப் பிரிவு, சென்னை.

பொருள்: 16.05.2025 வெள்ளிக்கிழமை தரங்கம்பாடி பயணம் – பணம் திரும்பக் கோருதல், திட்டத்தைத் திருத்தக் கோருதல்.

ஐயா,

வணக்கம். நபருக்கு 2,450 ரூபாய் வீதம் 18 பேருக்குக் கட்டி மேற்படி பயணத்தில் வந்தோம். ஓட்டுநர் நன்றாகவே ஓட்டினார், அவர்மீது எந்தக் குறையும் இல்லை. குறை, நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தில்தான். அந்த ஊரை அறிந்த யாரிடமாவது ஒருமுறை காட்டியிருந்தாலே பாதிப் பிழை நீங்கியிருக்கும்.

முதலில் நாள். டேன்ஸ்போர்க் கோட்டையும் உள்ளே உள்ள அருங்காட்சியகமும் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. நீங்கள் வைத்ததோ வெள்ளிக்கிழமை. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கோட்டை நுழைவுக்கும் வழிகாட்டிக்குமாக ரசீதில் தலைக்கு 350 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள்.

அடுத்தது நேரம். சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். காலை 5 மணிக்குக் கிளம்பி, வழியில் டிபனுக்கு நிறுத்தி, போய்ச் சேர்ந்தபோது மணி 12.40. அக்னி நட்சத்திர வெயிலில், நிழலே இல்லாத கடற்கரையில், வயதானவர்களும் குழந்தைகளும் மணலில் கால் வைக்க முடியவில்லை. பிற்பகல் 3 மணிக்குத் திருக்கடையூர் என்று போட்டிருந்தீர்கள். கோயில் நடை மதியம் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. ‘மாலை 6.15, கடலில் சூரிய அஸ்தமனம்’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். தரங்கம்பாடி கிழக்குக் கடற்கரை ஊர். அங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறைவது ஊர்ப்பக்கம்.

‘விசைப்படகு மீன் ஏலம், பிற்பகல் 2 மணி’ என்பதற்கு 150 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுக்காரர்கள் போய் வருவார்கள், ஆனால் அவர்கள் மீன் காலையிலேயே ஏலம் போய்விடும். இரண்டு மணிக்குக் கரையில் நாங்கள் கண்டது காய்ந்த வலைகளும், மீன் அள்ளிய கூடையின் அடியில் ஒட்டியிருந்த நாலைந்து நெத்திலியும்தான்.

இனி எழுதுவது பாதுகாப்பு பற்றியது. மற்ற எதையும்விட இதற்குத்தான் உங்களிடம் பதில் வேண்டும். மாசிலாமணிநாதர் கோயிலருகே, கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் ‘இங்கேயே குளிக்கலாம்’ என்றார் வழிகாட்டி. கல்லில் மோதும் அலை திரும்பும்போது இழுப்பு அதிகம். கற்களை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆளை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். கல்மேல் பாசி வழுக்கும், சிப்பி ஒட்டிய விளிம்பு காலைக் கிழிக்கும். இருவருக்குப் பாதம் கிழிந்தது. பேருந்தின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால், பசை காய்ந்து தோலில் ஒட்டாத பிளாஸ்திரியும், அடியில் கறை மட்டும் மிஞ்சிய மருந்துக் குப்பியும் இருந்தன.

வழிகாட்டி டேன்ஸ்போர்க் கோட்டையை டச்சுக் கோட்டை என்றே கடைசிவரை சொன்னார். நாங்கள் வந்த அதே சாலையில், சதுரங்கப்பட்டினத்தில் இருப்பதுதான் டச்சுக் கோட்டை. தரங்கம்பாடியில் இருப்பது டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் கட்டியது. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் செய்து கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். தமிழின் முதல் அச்சு நூல் இங்கே வந்தது என்றும் சொன்னார். கொல்லத்தில் 1578லேயே தமிழ் அச்சு வந்துவிட்டது. இங்கே தமிழ் நூல்களை அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கியதே 1706இல்தான். இங்கே அச்சான புதிய ஏற்பாட்டின் பெருமை வேறு, அதைச் சரியாகச் சொன்னாலே போதும்.

ஒரே நாளில் இந்த ஊரை நிறைவாகப் பார்க்க முடியும். வியாழன் இரவு தவிர வேறொரு நாள் இரவு 10 மணிக்கு, இரண்டு ஓட்டுநர்களுடன் கிளம்புங்கள். விடியுமுன் சேர்ந்துவிடலாம். மே மாதத்தில் 6 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். உதயம் பார்த்து, படகுகள் கரையேறுவதையும் ஏலத்தையும் பார்த்துவிட்டுச் சிற்றுண்டி. பிறகு பேருந்தை 1792இல் கட்டிய நகர வாயிலுக்கு வெளியே நிறுத்தி, ராஜ வீதியில் நடக்க விடுங்கள். வாயிலிலிருந்து கோட்டைக்குப் பத்து நிமிட நடைதான். வழியில் 1701இன் சீயோன் ஆலயமும், சீகன்பால்கு அடக்கமான 1718இன் புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. உள்ளே பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலில் கடல் தின்றது போக நிற்கும் பகுதியை எட்ட நின்று பாருங்கள். 10 மணிக்குக் கோட்டை, ஒன்றரை மணி நேரம். அதன்பின் நிழலில் சாப்பாடு, ஓய்வு, மாலை நடை திறந்ததும் திருக்கடையூர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பயணத்தை வைக்காமல் இருப்பது நல்லது.

எங்கள் கோரிக்கை: பார்க்க முடியாத கோட்டைக்கும், தப்பாகச் சொன்ன வழிகாட்டிக்கும் 350, நடக்காத ஏலத்துக்கு 150, ஆக நபருக்கு 500 ரூபாய் வீதம் 18 பேருக்கு 9,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும். கற்களருகே குளிக்கச் சொல்லக் கூடாது என்று எல்லா வழிகாட்டிகளுக்கும் எழுத்தில் உத்தரவு தந்து, அதன் நகலை எங்களுக்கு அனுப்ப வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். ரசீது, அச்சிட்ட பயணத் திட்டம், முதலுதவிப் பெட்டியின் படங்கள் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயணம் செய்த 18 பேர் சார்பில்