தேனீ சாக்கடையில் உட்கார்ந்தால் தேன் கெட்டுவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாட்டுத் தொழுவத்திலும் சாக்கடை ஓரத்திலும் மொய்க்கிற தேனீயின் தேனை எப்படி நம்பி வாங்குவது என்று வாசகி ஒருவர் சென்ற இதழில் கேட்டிருந்தார். மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அம்மையார் பார்த்தவை தண்ணீர் சுமக்கும் தேனீக்கள். கூட்டில் புழுக்கள் வளரும் பகுதி ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். வெயில் ஏறும்போது இவை கொண்டுவரும் தண்ணீரை மற்றத் தேனீக்கள் வாயோடு வாய் வாங்கி, அடையின் மேல் மெல்லியதாகப் பூசிச் சிறகால் விசிறுகின்றன, கூடு குளிர்ந்துவிடுகிறது. புழுக்களுக்கு ஊட்டும் உணவை இளக்கவும் தண்ணீர் வேண்டும். வந்த தண்ணீர் உடனுக்குடன் செலவாகிவிடும். அதைத் தேனாக்கிச் சேர்த்து வைக்கும் வழக்கம் தேனீக்கு இல்லை.

சரி, நல்ல தண்ணீர் இருக்கும்போது தொழுவத்துக்கு ஏன் போக வேண்டும்? பூந்தேனில் இனிப்பு உண்டு, உப்பு மிகக் குறைவு. அந்தக் குறையைக் கோமியம் ஊறிய மண்ணிலும் துணி துவைக்கும் கல்லிலும் தேனீ தீர்த்துக்கொள்கிறது. தொழுவச் சுவரில் உப்புப் பூத்த இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நாக்கை நீட்டி ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். வயிறு மட்டும் சுருங்கி விரியும். மேலும், தேனீ தண்ணீரை வாசனை வைத்தே எளிதில் கண்டுபிடிக்கிறது. பாசியும் சேறும் மணக்கும். குழாய்த் தண்ணீருக்கு அவ்வளவு மணம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதே இல்லை. இலையுதிர்ந்த ரப்பர் மரம் மீண்டும் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் இருக்கும் சிறு சுரப்பிகளில் இனிப்பு நீர் துளிர்க்கிறது. அதுதான் எங்கள் அறுவடை. இலைக்காம்பில் கிடைப்பதையும் தேடிக் கண்டுபிடிக்கிற உயிர், தொழுவச் சுவரில் உப்பைக் கண்டுபிடித்ததில் என்ன வியப்பு?

எனக்கு வருத்தம் தருவது வேறு. தளிர்க்காலம் முடிந்து மழை பிடித்தால் தேனீக்குத் தீனி இல்லை. அப்போது டீக்கடையில் வீசிய பேப்பர் கப்புகளுக்கும் சர்பத் கடைக்கும் போய், ஒட்டும் சர்க்கரையில் சிக்கிச் சாகின்றன. குழாயடியில் நாலு தேனீயைக் கண்டதும் பூச்சிமருந்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க வந்த தேனீ, நசுக்கினாலன்றிப் பெரும்பாலும் கொட்டாது. அதன்மேல் விழுந்த மருந்து கூட்டுக்குள்ளும் போய்ச் சேரும்.

கடைக்காரர்கள் குப்பைக்கூடைக்கு மூடி போட்டால் போதும். வீடுகளில் அகலமான மண்சட்டியில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நிழலில் வையுங்கள். கோடை தொடங்குமுன்பே வைக்க வேண்டும். ஓரிடத்தில் தண்ணீர் குடித்துப் பழகிய தேனீயைப் பிறகு வேறிடத்துக்குத் திருப்புவது கடினம்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பவர் ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.