போடி சைக்கிள் சங்கம்: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பகுதிகளிலிருந்து இன்று காலையிலேயே மலையிறங்கி வந்திருக்கும் நம் உறவுகளுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. தேனி, வீரபாண்டி, சின்னமனூர் வழியாகக் கம்பம் வரை செல்லும் சமவெளி ஓட்டத்துக்குப் புதியவர்கள் அதிகம் வந்தார்கள். ஆடி மாத மேல்காற்றில் மேற்கு நோக்கி மிதிப்பது எத்தனை கடினம் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். சோர்ந்து போகாமல் அடுத்த வாரமும் வந்தார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே பொருளுக்கு ஒதுக்குகிறேன். அது மலையிறக்கம். மலையடிவாரத்து முந்தலிலிருந்து மலைமேல் உள்ள போடிமெட்டு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற பிரான்சின் ஆல்ப் துயேஸ் மலையில் 21 வளைவுகள், நம்முடையது நான்குதான் குறைவு என்று இளைஞர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் ஏறிய நேரத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, இறங்கிய விதத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

மே மாதத்தில் நம் இளம் உறுப்பினர் ஒருவர் மெட்டிலிருந்து திரும்பும்போது முன்சக்கர டியூப் வெடித்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. இப்போது நலமாக இருக்கிறார், இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நம் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் கடை அண்ணன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காரணத்தை விளக்கினார். மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், இத்தனை உயரம் இறங்கும் ஆற்றலில் பெரும்பகுதி ரிம்மில் வெப்பமாகச் சேர்கிறது. உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது, ரிம்முக்கும் டியூபுக்கும் இடையே உள்ள ரிம் நாடா இளகுகிறது, டியூப் தாங்குவதில்லை. வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். இடையிடையே ரிம் ஆறக் காற்று வேண்டும். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே டியூபுக்கு ஆபத்து இல்லாவிட்டாலும், தொடர்ந்து உரசிய பேடு பளபளவென்று மெருகேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

அந்த விபத்துக்குப் பிறகு கடை வாசலில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை இலவச பிரேக் சோதனை தொடங்கினோம். முதலில் நம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றுதான் தீர்மானம். ஆனால் வரிசையில் வந்து நின்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அரசு தரும் விலையில்லா சைக்கிளில் முந்தல் பக்கத்திலிருந்து படிக்க வரும் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவ மாணவியர். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் ஷூ வழுக்கும். தேய்ந்த ஷூவாக இருந்தால் சைக்கிள் நிற்கவே நிற்காது. அவர்களைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. ஷூ, கேபிள் செலவைச் சங்கம் ஏற்றது, கூலியை அண்ணன் வாங்கவில்லை. இந்த ஆண்டு நாம் செய்த மிகச் சிறந்த வேலை இது என்பது என் உறுதியான கருத்து.

கடையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அண்ணனின் தந்தை காலத்தில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட அதே இடம். இன்று ஒரு பக்கம் ஏலக்காய்க் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் கனமான சைக்கிளுக்குக் கோட்டம் எடுப்பார்கள், மறுபக்கம் கார்பன் சட்டத்தைத் தாங்கியில் மாட்டி கியர் சரிசெய்வார்கள். இரண்டுக்கும் அதே பொறுமை. மலைமேல் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு நம்பிக் கொடுக்க இதுபோல் வேறு கடை இல்லை. தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் காலையில் டியூபும் கேபிளும் மேலே போகின்றன, மாலையில் பழுதான சக்கரங்கள் கீழே வருகின்றன. செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது பெரிய ஆறுதல். இணையத்தில் வாங்கிப் பொருத்துவதற்கு மட்டும் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடை நிலைத்தால்தான் சனிக்கிழமைச் சோதனை நிலைக்கும்.

ஜூலை மாதம் முழுக்கக் கடையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பேச்சுதான். ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் நான்காவது முறையாக வென்றார். ஆகஸ்டில் மகளிர் டூரை பிரெஞ்சு வீராங்கனை பெராண்ட் பிரேவோ வென்றபோது, கைப்பேசித் திரையைச் சுற்றி நின்ற சிறுமிகள் இருவர் மறுவாரமே ஓட்டத்தில் சேர்ந்தார்கள். வரவேற்கிறோம்.

ஒரு துயரச் செய்தியையும் இங்கே நினைவுபடுத்துவது அவசியம். 2024இல் சூரிச் நகரில் நடந்த உலக சைக்கிள் போட்டியில் 18 வயது சுவிஸ் வீராங்கனை முரியேல் ஃபூரர் காட்டுப் பகுதிச் சாலையில் விழுந்தார். யாரும் பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்தே கண்டுபிடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். 2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகப் போட்டியில் வீரர்கள் இருக்குமிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி கொண்டுவரப்பட்டது. நம்மிடம் அக்கருவிகள் இல்லை. நம் மலையிலும் தடுப்புச் சுவருக்கு அப்பால் விழுந்தால் கீழே போகும் வண்டிக்குத் தெரியாது. ஆகவே செயற்குழு ஒரு விதி வகுத்தது: மெட்டிலிருந்து யாரும் தனியே இறங்கக் கூடாது. இருவர் இருவராக, ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்கும்படி இறங்க வேண்டும். முந்தல் சேர்ந்ததும் தகவல் சொல்ல வேண்டும். வேகமாக இறங்கத் தெரிந்த சிலருக்கு இதில் மனக்குறை என்று அறிவேன். விதியைத் தளர்த்தும் எண்ணம் இல்லை. மூணாறு சாலை அகலமானபின் அந்த வேகத்திலேயே வந்து நம் பக்கக் குறுகிய வளைவுகளில் நுழைபவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் தவறினால் அடிபடுவது நாம்தான்.

நெடுந்தூர ஓட்டத்தில் 13½ மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டரை முடித்தவர்களுக்கு வாழ்த்துகள். பிரான்சில் நடக்கும் 2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்ள விரும்புவோர் தகுதி பெறுவதற்கான 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களுக்கும் இப்போதே திட்டமிட வேண்டும். அங்கே 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டியிருக்கும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, மாணவர்களுக்கான பிரேக் ஷூ, கேபிள் செலவுக்குச் சந்தாவிலிருந்து நிரந்தரமாகத் தொகை ஒதுக்குவது. இரண்டு, பூப்பாறையிலும் இதே சோதனையை மாதம் ஒருமுறை நடத்துவது. கருவிப் பெட்டியோடு மேலே வர அண்ணன் சம்மதித்திருக்கிறார். உடன் செல்ல இருவர் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

நன்றி.

செயலாளர்