ஒலுவிலுக்கும் மட்டக்களப்புக்கும்: ஒரு கையுறை செய்து தாருங்கள்

தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தாருக்கும், கிழக்குப் பல்கலைக்கழக சௌக்கியப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தாருக்கும், அங்கே படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை நேரே கேட்டுவிடுகிறேன். பாரிசவாதம் வந்து கை முடங்கியவர்கள் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளக்கூடிய, விரல்களுக்கு அதிர்வு கொடுத்துப் பயிற்சி செய்ய வைக்கிற மலிவான கையுறை ஒன்றை நீங்கள் இரண்டு பீடமும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒரு பக்கம் மின்னணுவியல் தெரிந்தவர்கள், மறுபக்கம் நோயாளியைத் தெரிந்தவர்கள், நடுவில் ஒரு பஸ் பயணத் தூரம்தான்.

என் அப்பா படுவான்கரையில் வயல் செய்தவர். வலது கை இப்போது பொத்தியபடியே கிடக்கிறது. காலையில் அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கை வேர்வையைத் துடைத்து, நகம் குத்தாமல் இருக்கத் துணிச்சுருள் ஒன்றை வைத்துவிடுவார். கௌபி விதைகளை ஒரு கோப்பையில் இருந்து மற்றதுக்கு மாற்றச் சொல்லி பிசியோதெரபி மிஸ் காட்டிக்கொடுத்தார், நல்ல பயிற்சிதான். ஆனால் அப்பா சொல்வது, "பிடிச்சேனா இல்லையா எண்டே தெரியல்ல மனே, கண்ணால பாத்தாத்தான் தெரியுது." உணர்ச்சி இல்லாத விரலுக்குப் பயிற்சி கொடுப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கை திரும்பப் பழகுவதற்கு எண்ணிக்கை வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை நேரங்களைக் கவனித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32தான் இருந்தன. பயிற்சியால் மூளை மாறுவதைக் காட்டிய மிருக ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்ய வைத்திருந்தார்கள். அங்கேயே அப்படியென்றால், வாகரையில் இருந்தோ, மண்டூரில் வாவி கடந்தோ கிளினிக்குக்கு வருகிற ஒருவருக்கு மிச்ச எண்ணிக்கை வீட்டில்தானே வர வேண்டும்?

ஸ்டான்ஃபோர்ட், ஜோர்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பாரிசவாதம் வந்து நாட்பட்ட 16 பேர் பங்குபற்றினார்கள். ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம், 8 கிழமை கையுறை போட்டார்கள். அதிர்வு பெற்றவர்களுக்குத் தொடுகை உணர்வு கூடியது, விரல் இறுக்கமும் தளர்ந்தது. சிறிய ஆய்வு, இதை வைத்துக்கொண்டு நோய் மாறிவிடும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனாலும் செய்து பார்க்கப் போதுமான காரணம் இது.

உள்ளே இருப்பது பெரிய வித்தையும் இல்லை. கைபேசிக்குள் அதிர்கிற அதே நாணய அளவு மோட்டார், நாம் எழுதும் கட்டளைப்படி மோட்டாரை இயக்குகிற ஒரு சின்ன ஆர்டுயினோ வகை மின்சுற்றுப் பலகை, பவர் பேங்க். விலையைக் கூட்டுவது விரல் வளைவை அளக்கும் உணரிதான், அதை விட்டுவிடலாம். பெருவிரலிலும் மற்ற விரல் நுனிகளிலும் உலோகத் தொடுபுள்ளி வைத்தால், தொட்டவுடன் சுற்று மூடும், அந்த விரல் அதிரும், எண்ணிக்கையும் ஏறும். மியூசிக்குளோவ் என்ற கைப்பயிற்சிக் கையுறை இப்படித் தொடுபுள்ளிகளை வைத்துத்தான் வேலை செய்கிறது.

இனி, ஆய்வுகூடத்தில் இருந்து பார்த்தால் தெரியாத சில விஷயங்கள். இறுகின கைக்குள் முழுக் கையுறையை நுழைக்க முடியாது, அம்மா படுகிற பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். உள்ளங்கை திறந்திருக்க, விரலின் மேற்பக்கம் ஒட்டுப்பட்டியால் கட்டுகிற மாதிரி, மற்றக் கையால் தனியாகவே போடக்கூடியதாக வேண்டும். எங்கள் வெக்கைக்கு ரப்பர் சரிவராது. பருத்தித் துணி நல்லது, மருதமுனையில் நெசவு இருக்கிறது, தைக்கத் தையற்காரர் இருக்கிறார். மோட்டார்களைக் கழற்றித் துணியைத் தோய்க்க முடிய வேண்டும். அப்புறம் மிக முக்கியமானது: பற்றரியைக் கையுறையில் வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத கை சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இடுப்பிலோ மேசையிலோ இருக்கட்டும். டேட்டா தின்கிற செயலி வேண்டாம், தமிழில் நாலு சொல் குரல் வந்தால் காணும்.

இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் புள்ளி கிடைத்ததும் அலுமாரிக்குள் போவது எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடக்கிறதுதான், இது அப்படிப் போகக் கூடாது என்பதே என் ஆதங்கம். ஒழுக்கவியல் குழுவின் அனுமதியோடு தொடங்குங்கள். ஒரு அணி செய்ததை அடுத்த அணி திருத்தட்டும். சுற்று வரைபடத்தையும் துணி வெட்டும் அளவையும் தமிழில் எல்லாருக்கும் திறந்து விடுங்கள். ஆதார வைத்தியசாலைகளின் பிசியோதெரபிப் பிரிவில் பத்துக் கையுறை இருந்தாலே, ஊன்றுகோல் இரவல் கொடுப்பது போல மாறி மாறிக் கொடுக்கலாம், பழுதானால் உங்களிடம் அனுப்பலாம்.

அடுத்த அணி தலைப்புத் தெரிவு செய்வதற்கு முன்னால் யாராவது இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அளவெடுக்கவும் போட்டுப் பார்த்துக் குறை சொல்லவும் அப்பா சம்மதித்துவிட்டார், பின்னேரத்தில் வந்தால் அம்மாவும் இருப்பார், கையை எப்படி விரிப்பது என்று அவரே காட்டித் தருவார்.