வடக்கு ரோட்டுக் கிணற்றுக்காக மூன்றாம் மனு: இலங்கை, 1877

ஈசுவர வருஷம், புரட்டாசி மாதம்

மேன்மை தங்கிய கவர்மெண்டு ஏஜெண்டு துரையவர்கள் சமுகத்துக்கு, கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணிமாரும் கூலிச் சனங்களும் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் மனு.

கடற்கரையிலிருந்து மாத்தளைக்குப் போகும் இந்த வடக்கு ரோட்டைப் பற்றித் துரையவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர் சுற்றிப் பார்க்கச் சர்க்கீட்டு வரும்போதெல்லாம் தாங்கள் குதிரையில் வந்த வழிதான். மடுக்கோயிலுக்குத் திரும்புகிற இடம் தாண்டி, மதவாச்சிக்கு முன்னால், பாலை மரக் காட்டுக்குள் ஓர் ஓலை மடம் இருக்கிறதே, அதன் பின்புறக் கிணற்றைப் பற்றித்தான் இந்த மனுவும். மாசியில் ஒன்று கொடுத்தோம், வைகாசியில் ஒன்று கொடுத்தோம். இரண்டுக்கும் பதில் இல்லை. ஓவர்சியர் ஒருவர் மட்டும் வந்து சங்கிலி பிடித்து அளந்தார், இளநீர் கிடைக்குமா என்று கேட்டார் (அந்தக் காட்டில்!), போய்விட்டார்.

1. இந்த வருஷத்தை மற்ற வருஷம் போல நினைக்க வேண்டாம். முன்பெல்லாம் திடமான ஆண்கள் பழம் பறிக்கிற காலத்துக்கு வருவார்கள், நாலு காசு சேர்ந்ததும் ஊர் திரும்புவார்கள். தாது வருஷத்துப் பஞ்சம் வந்த பிறகு மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே நிவாரண வேலைக்குப் போனால் நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று வைத்தார்கள். அதைத் தின்று மண் சுமந்தவர்கள்தான் பாம்பனில் தோணி ஏறுகிறார்கள். ஏறும்போதே பாதிப் பேர் எலும்பும் தோலும். கரை இறங்கி மாத்தளை போய்ச் சேர 150 மைலுக்குக் கிட்ட நடக்க வேண்டும்.

2. தண்ணீர். போன மாரியில் கிணற்றின் ஒரு பக்கச் சுவர் உள்ளே சரிந்தது. கல்லையும் மண்ணையும் இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. கயிறு இல்லை, வாளி இல்லை, தண்ணீர் இறைக்கும் துலாவை யாரோ விறகாக்கிவிட்டார்கள். பெண்கள் சேலைகளை முடிச்சுப் போட்டு, நுனியில் செம்பைக் கட்டி இறக்குகிறார்கள். அடியில் தட்டி மேலே வரும்போது செம்பில் பாதி சேறு. அதில் தேற்றாங்கொட்டையை உரசிப் போட்டுத் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகள் பொறுப்பதில்லை, பக்கத்துக் குளத்துக்கு ஓடிவிடுகின்றன. குளத்தில் எருமை படுத்த இடத்தில்தான் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். அதைக் குடித்தவர்களுக்கு இரவே வாந்திபேதி. பேதி கண்டவருக்கு ஓயாத தாகம், தண்ணீர் தண்ணீர் என்று கேட்பார், அவருக்கும் அதே செம்பு, அதே சேறுதான். பிறகு அந்தச் செம்பைத்தான் அடுத்தவர் இறக்குகிறார். துரையே, இதற்குமேல் எப்படி விளக்கி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

3. ஊர்க்காரர்கள் தங்கள் குளத்தண்டை எங்களை விடுவதில்லை. எங்களைக் கண்டால் கதவடைக்கிறார்கள், காட்டுக்குள் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பேதிக்கு யார்தான் பயப்பட மாட்டார்கள்? ரோட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் நாங்கள் ஏன் அவர்கள் குளத்துக்குப் போகிறோம்?

4. வழியில் விழுந்தவனுக்குக் கொடுத்த முன்பணம் கங்காணி தலையில். கங்காணி அதை அவன் தம்பி பெயரில் எழுதுவான், தம்பி அதையும் சேர்த்து அடைத்தால்தான் தோட்டத்தை விட்டுப் போக விடும் துண்டுச் சீட்டுக் கிடைக்கும். இதெல்லாம் தங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான்.

5. கோப்பி மூட்டை கண்டியிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிறது, 1867 முதல் போகிறது. மூட்டை வெயிலில் காயாமல், மழையில் நனையாமல் போகிறது, சந்தோஷம். அதைப் பறிக்கிறவன் குடிக்க ஒரு வாளி தண்ணீருக்கு மூன்று மனு எழுத வேண்டுமா? இலையில் மஞ்சள் நோய் விழுந்து விளைச்சல் குறைகிறது என்று தோட்டத்துத் துரைமார் கவலைப்படுகிறார்கள். கோப்பிச் செடிக்கு நோய் வந்தால் இலையைப் பிடுங்கிப் பார்க்க ஆள் வருகிறது. எங்களைப் பார்க்க ஒரு டாக்டர் அந்த மடத்துக்கு வந்து நாங்கள் கண்டதில்லை. ஜனவரி முதல் தேதி டெல்லியில் மகாராணியாரைச் சக்கரவர்த்தினி என்று முரசறைந்தார்கள். அந்தச் சீமையிலும் அவர் குடிகள்தான், கடல் தாண்டி இந்தச் சீமைக்கு வந்தாலும் அவர் குடிகள்தான். இரண்டுக்கும் நடுவில் உள்ள காட்டில் மட்டும் நாங்கள் யாருடைய குடிகள்?

வார்த்தை கூடிப்போயிருந்தால் துரையவர்கள் பொறுக்க வேண்டும். எழுதுகிற கணக்கப்பிள்ளையைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றே: அந்தக் கிணற்றைத் தூர்வாரிச் சுவர் கட்டித் தர வேண்டும். சீக்காளிகளுக்குத் தனியாக ஒரு சாய்ப்புக் கொட்டகையும் தனித் தண்ணீரும் வேண்டும். வாளியைக் காக்க ஒரு காவல்காரன் வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் துலா போன வழியே போகும்.

வேலைக்கு எஸ்டிமேட் போட வேண்டும், கொழும்பில் கேட்க வேண்டும் என்று தங்கள் அலுவலகமான கச்சேரியில் சொல்வார்கள். சரி, கேளுங்கள். புதுக் கவர்னர் துரையும் இப்போதுதான் வந்திருக்கிறார், அவரிடமே கேளுங்கள். அதுவரை கயிறும் வாளியுமாவது இந்த வாரமே அனுப்புங்கள். இரும்பு வாளியாக இருக்கட்டும். கயிறு நீளமாக இருக்கட்டும், தண்ணீர் ரொம்பக் கீழே போய்விட்டது.

இப்படிக்கு,
கங்காணிமார் கையெழுத்தும், எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டும்