பரணில் கிடைக்காத நாட்குறிப்பு

ஆசிரியருக்கு,

பெண்களைச் சூனியக்காரி என்று பிடித்துத் தண்டித்த அந்தக் கால வேட்டையை வைத்து, அன்றும் இன்றுமாக இரண்டு காலத்தில் கதை சொல்லும் இரட்டைக் கால நாவல்கள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த வகைக் கதை எது கையில் கிடைத்தாலும் விடமாட்டேன், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கட்டுரையாளர் ரொம்பவும் பாராட்டியிருக்கிற விஷயமே எனக்கு உறுத்துகிறது. இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி பாட்டி வீட்டுப் பரணில் பழைய நாட்குறிப்பைக் கண்டெடுக்கிறாள், அதை எழுதிய, சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட மூதாட்டிக்கு இருந்த மந்திர சக்தி தன் ரத்தத்திலும் ஓடுவதைத் தெரிந்துகொள்கிறாள். சரி, படிக்க விறுவிறுப்புதான். ஆனால் அப்படி எழுதினால், தூக்கில் போடச் சொன்ன நீதிபதி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடாதா?

அப்புறம் அந்த நாட்குறிப்பு. இங்கிலாந்தில் பென்டில் மலைப்பக்கத்து ஆட்களைச் சூனியம் வைத்ததாக 1612இல் லங்காஸ்டர் ஊரில் விசாரித்த கதை இன்று நமக்குத் தெரிவதே நீதிமன்ற எழுத்தர் தாமஸ் பாட்ஸ் எழுதி அடுத்த வருடம் அச்சான புத்தகத்தால்தான். செத்தவர்கள் பேசியது அவருடைய பேனா வழியாகத்தான் வருகிறது, அவர்களே எழுதிய நாட்குறிப்பு வழியாக அல்ல.

அந்த வழக்கில் ஜெனட் டிவைஸ் என்று ஒரு ஒன்பது வயதுப் பெண். பெற்ற தாய் எலிசபெத் கூண்டில் நின்று அவளைப் பார்த்து அலற, தாயை வெளியே கொண்டுபோய்விட்டு, இவளை ஒரு மேசைமேல் ஏற்றி நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் லங்காஸ்டரில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் அவளுடைய அம்மா, அண்ணன், அக்கா மூன்று பேரும் அடக்கம். 22 வருடம் கழித்து, 1634இல், பத்து வயதுப் பையன் ஒருவன் சொன்னதை நம்பி அதே ஊரில் இன்னொரு வழக்கு. குற்றவாளிகள் பட்டியலில் ஜெனட் டிவைஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது! அவளேதானா, அதே பெயர்க்காரி வேறொருத்தியா என்று இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. பையன் பிற்பாடு எல்லாம் பொய் என்று ஒத்துக்கொண்டான், ஆனாலும் 1636இல் கூட லங்காஸ்டர் சிறையில் இருந்தவர்களில் அந்தப் பெயர் வருகிறது. அவளேதான் என்றால், இரண்டு காலமும் இங்கே ஒரே ஆயுளுக்குள் இருக்கிறது, மந்திரமே வேண்டாம்.

இன்றைய காலம் வேண்டும் என்றால் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் நடந்த சூனியக்காரி வழக்கைப் பாருங்கள். 1693இல் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சன் எப்படியோ தூக்கிலிருந்து தப்பினார், ஆனால் பழி மட்டும் போகவில்லை, அவருக்காகப் போய்க் கேட்கப் பிள்ளை குட்டி இல்லை. 2022இல்தான் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவர் பெயரிலிருந்த குற்றத்தை நீக்கியது. அதற்காக விடாமல் மனுப் போட்டவர்கள் நார்த் ஆண்டோவர் ஊரில் எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும். அவருடைய நேர் வாரிசு என்று அவர்களில் ஒருவரும் கிடையாது. நான் படித்த நாவல்களில் வாரிசுதான் வந்து பழி துடைக்கிறாள், இந்தப் பிள்ளைகளைப் போல ஒருவரையும் காணோம்.

உங்கள் கட்டுரையாளரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: சக்தி ஒன்றும் இல்லாத வெறும் ஏழைப் பெண்ணாகவே, சூனியக்காரி என்று பழி சுமந்தவளைக் கடைசிவரை விட்டுவைத்த இரட்டைக் கால நாவல் ஏதாவது அவர் படித்திருக்கிறாரா? இருந்தால் அடுத்த இதழில் பெயரைப் போடுங்கள், உடனே வாங்கிவிடுகிறேன்.

— ஒரு வாசகி, திருச்சி