பில்பாவோவுக்கு வரும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்பெயினுக்கு, எங்கள் பில்பாவோவில் நடக்கும் மெஷின் டூல் கண்காட்சிக்கு வருவது உறுதி, தங்கச்சியும் கூட வருகிறாள் என்று படித்ததும் சந்தோஷம். தேதியைப் பார்த்ததும் எரிச்சல். அதே வாரம்தான் மகளுக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். நாங்கள் ரெண்டு பேரும் ஸ்டுட்கார்ட்டில் இருப்போம். இத்தனை வருஷம் கூப்பிட்டும் அசையாதவன், நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாய். போகட்டும், கூடவே வந்து சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

விமானம் இறங்கும்போது ஆடும். தெற்குக் காற்று அடிக்கும் நாளில் இந்த ஊரில் இறங்குவது விமானிகளுக்கே ஒரு சோதனை. தங்கச்சியிடம் முன்னாலேயே சொல்லிவை. கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்த முனையம், 2000-இல் திறந்தது. வெள்ளையாக, இறக்கை விரித்தாற்போல் இருப்பதால் ஊர்க்காரர்கள் புறா என்பார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஆரம்பத்தில் வரவேற்க வந்தவர்கள் வெளியே குளிரில் நிற்க வேண்டியிருந்தது, அதுவும் இப்படி மழை கொட்டுகிற ஊரில். அப்புறம்தான் உள்ளே நிற்க இடம் கட்டினார்கள். படம் வரைகிறவனைப் பற்றி நீ சொல்லும் அந்த வசவு ஞாபகத்துக்கு வரும்.

டாக்சி வேண்டாம். வாசலிலேயே பிஸ்காய்பஸ் ஏ3247 நிற்கும். சுமார் மூன்று யூரோ, இருபது நிமிஷத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். வலது பக்க ஜன்னலைப் பிடி. மலைக்குள் சுரங்கம் தாண்டி இறங்கினால் ஊர் கண்ணில் படாமலே லா சால்வே பாலத்தில் ஏறிவிடுவாய். சட்டென்று கீழே ஆற்றங்கரையில் கூகன்ஹைம் மியூசியம். மேலே போர்த்தியிருக்கும் டைட்டானியம் தகடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. காற்றில் லேசாக நெளிந்து கிடப்பதை நீ பார்க்காமல் விடமாட்டாய். மோயூவா சதுக்கத்தில் இறங்கிக்கொள். அங்கேயே மெட்ரோ, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் செய்தது, 1995-இல் ஓட ஆரம்பித்தது. ரெண்டாம் லைனில் கபியெசெஸ் பக்கம் போகும் வண்டி ஏறினால் அன்சியோவில் கண்காட்சி வளாகம். போக்குவரத்துக்கு இவ்வளவு போதும். சாப்பாட்டுக்குத்தான் பாடம் வேண்டும்.

மெனு கார்டு கையில் வாங்கி உட்கார்ந்து ராத்திரி சாப்பிடும் பழக்கத்தை இங்கே மறந்துவிடு. இந்த ஊர் நின்றுகொண்டுதான் சாப்பிடும். ஒரு கடையில் ஒரு தீனி, ஒரு சின்ன டம்ளர் ஒயின், அடுத்த கடை. சாயங்காலம் காஸ்கோ வியெஹோவுக்குள், அதாவது ஏழு தெருக்கள் என்று சொல்லும் பழைய ஊருக்குள், போ. நாலைந்து பேர் கும்பலாக, நம்மைப்போல் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து சுற்றுகிறவர்கள், கடை கடையாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் நகரும் வேகத்தில் நீயும் நகர். பிளாசா நுவேவாவின் தூண் வரிசைக்குக் கீழே இருக்கும் கடைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். கவுண்டரில் அடுக்கியிருக்கும் பின்ச்சோவை, அதாவது ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்த சின்னத் தீனியை, கண்டதும் பாயாதே. சுடச்சுடச் செய்து தருவது பலகையில் எழுதியிருக்கும். பக்கத்து ஆள் எதைக் கேட்டு வாங்குகிறான் என்று பார்த்து அதையே காட்டு. கணக்கு கடைசியில்தான். என்ன சாப்பிட்டாய் என்று நீயே சொல்ல வேண்டும், யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் நீ காட்டிய கைவரிசையை இங்கே காட்டிவிடாதே.

ஒரு மத்தியானம் மட்டும் உட்கார்ந்து சாப்பிடு. வேலை நாட்களில் 'மெனு தெல் தியா' என்று ஒரே விலையில் ரெண்டு பதார்த்தம், ரொட்டி, இனிப்பு, ஒயினோ தண்ணீரோ எல்லாம் சேர்த்துத் தருவார்கள். ரெண்டு மணிக்குப் போ. நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் ராத்திரி ஒன்பது வரை கேட்டாலும் கிடைக்காது. அந்தச் சாப்பாட்டில் பக்கலாவோ அல் பில்-பில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல். உப்புக் கண்டமாக வரும் காட் மீன்தான், நம்ம கருவாட்டுக்கு உறவு. ஆனால் ஒன்றரை நாள், ரெண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிடுவதால் வாடை இருக்காது. பூண்டு பொரித்த ஆலிவ் எண்ணெயில் தோல் பக்கத்தோடு மண் சட்டியில் வைத்து, தீயைக் குறைத்து, சட்டியை இரண்டு கையாலும் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். மீன் தோலின் பசை கசிந்து எண்ணெயோடு சேரும். மாவு, பால், முட்டை ஒன்றும் போடாமலே எண்ணெய் வெளுத்துக் கெட்டியாகிவிடும். கை நின்றால் பிரிந்துபோகும். எண்ணெயும் நீரும் சேராமல் கூலண்ட்டோடு மல்லுக்கட்டுகிறவன் நீ, உனக்குச் சுவையைவிட வித்தைதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஊருக்கும் இந்த மீனுக்கும் ஒரு கதை சொல்வார்கள். 1830-களில் ஒரு வியாபாரி '100 அல்லது 120' உருப்படி அனுப்பச் சொல்லி எழுதினாராம். ஸ்பானிஷில் 'அல்லது'க்கு ஒரே ஒரு வட்ட எழுத்து. அங்கே இருந்தவன் அதைப் பூஜ்யமாகப் படித்து பத்து லட்சத்துச் சொச்சம் மீன் அனுப்பிவிட, அந்த நேரம் பார்த்து, அரியணைக்காக நடந்த கார்லிஸ்ட் போரில் ஊர் முற்றுகைக்குள் மாட்ட, சனம் அதைத் தின்றே பிழைத்ததாம். நான் நம்பவில்லை. நம்புகிற மாதிரி சொல்கிறார்கள்.

தங்கச்சி முட்டை மட்டும் சாப்பிடுவாள், மீன் கறி கிடையாது என்று எழுதியிருந்தாய். அவளுக்குத்தான் எச்சரிக்கை. 'சான்ட்விச் வெஹெதால்' என்று காய்கறிப் பேர் வைத்திருப்பதைத் திறந்து பார்த்தால் டூனா மீன் இருக்கும். 'என்சலாதா மிக்ஸ்தா' சாலட்டிலும் அப்படியே. பீன்ஸ் பதார்த்தத்தில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். வெஹெதேரியானோ என்று சொன்னால் மட்டும் போதாது, மீனும் வேண்டாம், ஹாமும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஹாமை இவர்கள் கறியிலேயே சேர்ப்பதில்லை. பயமில்லாமல் சாப்பிடக்கூடியது உருளைக்கிழங்கு தோர்த்தியா, அதாவது கிழங்கு போட்ட தடிமனான ஆம்லெட், நடுவில் லேசாகக் குழைவாக இருப்பதாகக் கேட்டு வாங்கு. அப்புறம் ஹெர்னிகா மிளகாய்: முழுசாக எண்ணெயில் வாட்டி, கல் உப்புத் தூவி, தட்டு நிறையத் தருவார்கள். காரம் இருக்காது. இதியாசாபால் என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் ருசி, ஆனால் ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த உறையைப் போட்டுச் செய்வது வழக்கம். சாப்பிடுவதும் விடுவதும் அவள் இஷ்டம்.

சான் செபாஸ்டியன் போக வேண்டும் என்று அவள் கேட்பாள். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே பழைய ஊரில் லா வின்யா கடையில் மேல் கருகிய சீஸ்கேக் தின்னுங்கள். இப்போது நம்ம ஊர் காபி கடைகளில் விற்பதெல்லாம் இதன் வாரிசு. ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன்: திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டு எவுஸ்கோத்ரென் ரயிலில் வா. ரெண்டரை மணி நேரம் பிடிக்கும். எல்கோய்பார், எய்பார் வழியாக, குறுகிய பள்ளத்தாக்கில் பட்டறைகளும் நாலு மாடி வீடுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும் ஊர்கள் வழியாக வரும். எய்பாரில் ஒரு காலத்தில் துப்பாக்கி செய்தார்கள். ஓர்பியா சைக்கிள்காரர்களே 1840-இல் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கியவர்கள். நம்ம கோயம்புத்தூர் பீளமேட்டுப் பட்டறைகள் ஞாபகம் உனக்கு வரும், தங்கச்சிக்குத் தூக்கம் வரும்.

எங்கள் சேதி இதுதான்: எனக்கு முழங்கால் வலி குறையவில்லை, என் வீட்டுக்காரி ஜெர்மன் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள், மகள் தினமும் போன் செய்து ரசப்பொடி கேட்கிறாள். உன் பையன் கடையை எடுத்து நடத்துவதாகச் சொன்னாயே, சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) மெஷின் வாங்குவதில் உங்களுக்குள் இருந்த சண்டை தீர்ந்ததா? அதற்குப் பதில் எழுது. டிக்கெட் போட்டதும் விமான எண்ணை அனுப்பு. சாவியை மூன்றாம் மாடி அம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன். ஹோட்டலுக்குக் காசு கொடுக்காதே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்